பொடியைத் தெரிந்துகொண்டு பிசையுங்கள்: வீட்டில் புரோட்டீன் பார் செய்யும் முறை

புரோட்டீன் பார் செய்வது கடினமான வேலை இல்லை. ஒரு பெரிய கிண்ணம், உறுதியான கரண்டி, டிஜிட்டல் தராசு, சின்னத் தட்டு ஒன்று, பட்டர் பேப்பர். இவை இருந்தால் அரை மணி நேரத்தில் கலந்து அழுத்தி வைத்துவிடலாம். மீதி வேலையைக் குளிர்சாதனப் பெட்டி செய்துவிடும். அப்படியிருந்தும் முதன்முறை செய்கிறவர்களில் பலருக்கு மாவு உதிர்ந்து போகிறது, இல்லையென்றால் கையை விட்டு வராமல் ஒட்டிக்கொள்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். செய்முறைகளில் ‘ஒரு கப் புரோட்டீன் பவுடர்’ என்று இருக்கும். எந்தப் பவுடர் என்று இருக்காது. ஒவ்வொரு பவுடரும் ஈரத்தை ஒவ்வொரு விதமாக இழுக்கும். அதைப் புரிந்துகொண்டுவிட்டால் யாருடைய செய்முறையையும் எதிர்பார்க்காமல் உங்கள் பாரை நீங்களே வடிவமைக்கலாம். இந்தக் கட்டுரை முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஓட்ஸ், பேரீச்சம்பழம், பாதாம் மூன்றையும் பிசைந்து உருட்டிவிட்டு அதைப் புரோட்டீன் பார் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. நல்ல தின்பண்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிராம் ஓட்ஸ், 20 கிராம் பேரீச்சம்பழம், 15 கிராம் பாதாம் சேர்ந்த 55 கிராம் பாரில் புரதம் சுமார் 6 கிராம். கலோரி 220 அளவில். ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும் என்பதால், மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கு 11 சதவீதம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பண்டத்தைப் ‘புரதம் உள்ளது’ என்று விளம்பரப்படுத்தவே கலோரியில் 12 சதவீதமாவது புரதத்திலிருந்து வர வேண்டும். ‘புரதம் மிகுந்தது’ என்று சொல்ல 20 சதவீதம். அந்த 20 சதவீதத்தை நான் எனக்கான அளவுகோலாக வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

பார்களின் வரலாற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. 1986இல் கனடா நாட்டு மாரத்தான் ஓட்டக்காரர் பிரையன் மேக்ஸ்வெல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பவர்பார், ஓடும்போது களைத்துப் போகாமல் இருக்க மாவுச்சத்தும் சர்க்கரையும் கொடுப்பதற்காக உருவானது. அது எனர்ஜி பார். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு அதுதான் சரி. புரோட்டீன் பாரின் நோக்கம் வேறு: உணவுக்கும் உணவுக்கும் நடுவிலோ உடற்பயிற்சிக்குப் பிறகோ கணிசமான புரதத்தைக் கையடக்கமாகக் கொடுப்பது. உங்களுக்கு எது தேவை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு தேவை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்குப் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். தொடர்ந்து கடும் பயிற்சி செய்கிறவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். ஆக, 15 கிராம் புரதம் உள்ள ஒரு பார் நல்ல பங்களிப்பு. அதற்கு மேல் ஒரே பாரில் திணிக்க நினைத்தால் சுவையும் பதமும் கெடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

எந்தப் பொடி, என்ன குணம்

பொடியை வாங்கும்போது சுவையூட்டாத, இனிப்புச் சேர்க்காத வகையை வாங்குங்கள். சாக்லேட், வெனிலா என்று சுவை சேர்த்த பொடிகளில் செயற்கை இனிப்பு ஏற்கெனவே இருக்கும். தேனும் சேரும்போது திகட்டிவிடும். போட்டிகளில் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்படுகிறவராக இருந்தால், ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ அல்லது ‘என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்’ முத்திரை உள்ளதைத் தேடுங்கள்.

வே புரோட்டீன் பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது பிரியும் தெளிந்த நீரிலிருந்து வருவது. கான்சென்ட்ரேட் வகையில் சுமார் 80 சதவீதம் புரதம். ஐசோலேட்டில் 90 சதவீதத்தை ஒட்டி. குறைந்த ஈரத்திலேயே கரைந்து பசைபோல் ஆகிவிடும். அதனால் வே மட்டும் சேர்த்த மாவு இழுபட்டு, மென்றால் பல்லில் ஒட்டும். தண்ணீர் ஒரு கரண்டி கூடினால் குழைந்துவிடும். அதேசமயம் சில நாள் கழித்து இறுகிப் போவதிலும் வேதான் முதலில் நிற்கும், அதிலும் ஐசோலேட். பாருக்கு நான் ஐசோலேட்டைப் பரிந்துரைப்பதில்லை. விலை அதிகம், இறுக்கமும் அதிகம். கான்சென்ட்ரேட்டில் கொஞ்சம் கொழுப்பும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் இருப்பது பாருக்கு நன்மையே. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் ஐசோலேட் பொருந்தும்.

கேசின் பாலின் மற்றொரு புரதம். இது ஈரத்தை நிறைய உறிஞ்சி உப்பிக் கெட்டியாகும். தனியாகச் சேர்த்தால் பார் சுண்ணாம்புபோல் உலர்ந்து நிற்கும். ஆனால் வேயுடன் பாதிக்குப் பாதி கலந்தால் ஒன்றின் ஒட்டலை மற்றொன்று சரிசெய்துவிடும். மென்மையான, கடித்தால் சுத்தமாக வெட்டுப்படும் பதம் வரும். இரண்டு பொடி வாங்க முடிகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இந்தக் கலவைதான். ‘மில்க் புரோட்டீன்’ என்று விற்கப்படுவதில் இரண்டும் சேர்ந்தே இருக்கும், கேசின் அதிகமாக. அதை வாங்கினாலும் சரி.

பால் வேண்டாம் என்கிறவர்களுக்குப் பட்டாணிப் புரதம் அல்லது சோயா. இரண்டும் தண்ணீரை வெகுவாக இழுக்கும், மெதுவாக இழுக்கும். இந்த ‘மெதுவாக’ என்பதுதான் ஏமாற்றும். கலக்கும்போது சரியாக இருந்த மாவு பத்து நிமிடத்தில் வறண்டுவிடும். பட்டாணிக்கு மண் வாசனை ஒன்று உண்டு. 15 கிராம் கோகோ பொடியும் சற்றுத் தாராளமான உப்பும் அதை அடக்கும். பட்டாணிப் புரதத்தில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் அலகுகளில் ஒன்று) குறைவு. பாரில் சேரும் ஓட்ஸும் விதைகளும் அந்தக் குறையை ஓரளவு நிரப்பிவிடும்.

கொலாஜன் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. அது மாவை நன்றாக மிருதுவாக்கும், அதனால் கடைப் பார்கள் பலவற்றில் இருக்கும். ஆனால் அதில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் கிடையாது. புரதக் கணக்கைக் கொலாஜனை வைத்து மட்டும் நிரப்பாதீர்கள்.

கூடச் சேர்பவை

ஒட்டுப்பொருள் என்று ஒன்று வேண்டும். தேன், குளுக்கோஸ் சிரப், பேரீச்சம்பழ விழுது ஏதாவது ஒன்று. இங்கே புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம்: சர்க்கரையைக் குறைக்கலாம் என்று தேனை எடுத்துவிட்டு ஸ்டீவியா என்ற இலை இனிப்பைச் சேர்ப்பது. தேன் பாரில் இரண்டு வேலை செய்கிறது, இனிப்பும் ஒட்டும். ஸ்டீவியா முதல் வேலையை மட்டும்தான் செய்யும். எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்றைச் சேர்த்தால் குளிர்ந்ததும் மறுபடி படிகமாகி நறநறக்கும். மால்டிட்டால், சார்பிட்டால் வகைகள் ஒட்டும் தரும், ஆனால் அதிகம் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கும். இதே இனத்தைச் சேர்ந்த சைலிட்டாலை வீட்டில் நாய் வளர்க்கிறவர்கள் பக்கத்திலேயே வைக்க வேண்டாம். சின்ன அளவே நாய்க்கு உயிராபத்து. இனிப்பைக் குறைக்க நேர்மையான வழி, தேனைக் கொஞ்சம் குறைத்து பீனட் பட்டரைக் கொஞ்சம் கூட்டுவது.

தேனில் தண்ணீர் 17, 18 சதவீதம்தான். மேப்பிள் சிரப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதைத் தேனுக்குப் பதிலாக அதே அளவு ஊற்றினால் பார் தளர்ந்துவிடும், கெடுவதும் சீக்கிரம். பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். கொட்டை எடுத்து ஆவியில் ஐந்து நிமிடம் காட்டி மசித்தால் போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் அந்த வயதில் ஆபத்தானவை.

பீனட் பட்டர் அல்லது பாதாம் பட்டர் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். கடலையும் உப்பும் மட்டும் இருந்தால் நல்லது. மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும். அதை அடிவரை கிளறிய பிறகே எடைபோடுங்கள். மேலாக அள்ளினால் எண்ணெய் மட்டும் வரும், அடியில் இருப்பது அடுத்த தடவை கல்லாக இருக்கும். மிக்ஸி இருந்தால் வறுத்த நிலக்கடலையை இடைவெளி விட்டு அரைத்து நீங்களே செய்துகொள்ளலாம். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு நிற்கும், அதன்பின் எண்ணெய் விட்டு இளகும். நடுவில் மிக்ஸி சூடாகும், அதற்கு ஓய்வு கொடுங்கள்.

ஓட்ஸில் தட்டையான ரோல்டு வகைதான் வேண்டும். உடைத்த ஸ்டீல் கட் வகை ஊறாமல் பல்லைப் பதம் பார்க்கும். ரோல்டு ஓட்ஸ் தயாரிப்பிலேயே ஆவியில் வெந்தது, எனவே சுடாத பாரிலும் சேர்க்கலாம். கோதுமை மாவோ வேறு பச்சை மாவோ அப்படியல்ல. அவற்றில் சால்மோனெல்லா, ஈ. கோலை கிருமிகள் இருக்க வாய்ப்புண்டு. சுடாத பாரில் பச்சை மாவு வேண்டவே வேண்டாம்.

பாதாம், பூசணி விதை, சூரியகாந்தி விதை எதுவும் சேர்க்கலாம். 100 கிராம் பூசணி விதையில் 30 கிராம் புரதம், நிலக்கடலையில் 26, பாதாமில் 21. விதைகளில் பூசணி விதையைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

அளவுகள்: 10 பார்களுக்கு

பீனட் பட்டர் 150 கிராம்
தேன் 120 கிராம்
வே கான்சென்ட்ரேட் 120 கிராம் (அல்லது வே 60, கேசின் 60)
ரோல்டு ஓட்ஸ் 100 கிராம்
பொடியாக நறுக்கிய பாதாம் 50 கிராம்
உப்பு அரை டீஸ்பூன்
வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், விருப்பமிருந்தால்
தண்ணீர் அல்லது பால் 1 முதல் 3 டீஸ்பூன், தேவையைப் பார்த்து

ஒன்று சுமார் 55 கிராம் வரும். அதில் புரதம் 15 கிராம், கொழுப்பு 11 அல்லது 12 கிராம், கலோரி 240 அளவில். புரதத்திலிருந்து 60 கலோரி வருகிறது, அதாவது 25 சதவீதம். நாம் வைத்த கோட்டைத் தாண்டிவிட்டோம். உங்கள் பொடியின் புரத அளவு வேறாக இருந்தால் உறையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து 1.2ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், அதுதான் 120 கிராம் பொடியில் உள்ள புரதம். இவை எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். பொடியை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் ஒரு எடை. டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு. தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்றே சொல்வேன்.

செய்முறை

1. வறுத்தல். ஓட்ஸையும் பாதாமையும் அகலமான வாணலியில் மிதமான தீயில் 6 முதல் 8 நிமிடம், வாசனை எழும்பும்வரை கிளறி வறுங்கள். ஓவன் இருந்தால் 160 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம். ஓட்ஸ் நிறம் மாறத் தேவையில்லை. பச்சை வாடை போய், ஈரம் கொஞ்சம் குறைந்து மொறுமொறுப்பு வந்தால் போதும். இந்தப் படியைத் தவிர்த்தாலும் பார் வரும், ஆனால் அட்டையைத் தின்பதுபோல் இருக்கும். வறுத்ததைத் தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிடுங்கள்.

2. தட்டைத் தயார் செய்தல். 20 செ.மீ நீளம், 15 செ.மீ அகலம் உள்ள தட்டு அல்லது டப்பா வசதி. பார் ஒன்றரை செ.மீ கனம் வரும். பட்டர் பேப்பரை இரு ஓரமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள். பிறகு அதைப் பிடித்துத் தூக்கித்தான் பாரை வெளியே எடுக்கப் போகிறீர்கள்.

3. இளக்குதல். தேனையும் பீனட் பட்டரையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து மிகக் குறைந்த தீயில் வைத்து, ஒன்றாகக் கலந்து வழியும் பதம் வந்ததும் இறக்குங்கள். கொதிக்கக் கூடாது. உப்பு, வெனிலாவை இப்போதே கலந்துவிடுங்கள். விரலை வைத்தால் பொறுக்கக்கூடிய சூடு, அதாவது 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு 70 டிகிரியைத் தாண்டிய கலவையில் வே பொடியைப் போட்டால் புரதம் திரிந்து மணல் மணலாகிவிடும். அப்படித் திரிந்தபின் எவ்வளவு கிளறினாலும் மிருதுவாகாது. சூடாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

4. பொடியைக் கலத்தல். பொடியைச் சலித்து மூன்று பங்காகச் சேருங்கள். ஒவ்வொரு பங்கும் மறைந்த பிறகு அடுத்தது. கடைசிப் பங்கில் கரண்டி திணறும், கையால் பிசைய வேண்டியிருக்கும். கையில் துளி எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது.

5. காத்திருத்தல். செய்முறைகளில் எழுதப்படாத படி இது. மாவை மூடி வே என்றால் 3 நிமிடம், கேசின் கலந்திருந்தால் 8, பட்டாணி அல்லது சோயா என்றால் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பொடி தனக்கு வேண்டிய ஈரத்தை இழுத்து முடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் மாவின் உண்மையான பதம் தெரியும்.

6. பதம் பார்த்தல். எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறங்கள். உருண்டை வெடிக்காமல் நிற்க வேண்டும். விரலில் மெல்லிய எண்ணெய்ப் பசை மட்டும் தெரிய வேண்டும், மாவு ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீர், பிசைந்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி சோதனை. ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள், ஒரு டீஸ்பூனுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாவு குணம் மாறிவிடும். ஒட்டினால் பொடியைக் கொட்ட வேண்டாம், நாளைக்கு அது இறுகும். ஓட்ஸில் இரண்டு ஸ்பூனை மிக்ஸியில் பொடித்துச் சேருங்கள்.

7. ஓட்ஸும் பாதாமும். இவற்றைப் பதம் சரியான பிறகு கடைசியில் சேருங்கள். முன்பே சேர்த்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துப் பதத்தை மறைத்துவிடும். மொத்தமாகச் சேர்த்ததும் மாவு கொஞ்சம் உதிரும். அதற்காகப் பதற வேண்டாம், அழுத்தும்போது சேர்ந்துவிடும்.

8. அழுத்துதல். தட்டில் கொட்டி, மேலே இன்னொரு பட்டர் பேப்பரை வைத்து, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். மூலைகளை முதலில், நடுவைப் பிறகு. உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். வெட்டும்போது பார் நொறுங்குவதற்கு மாவு காரணம் இல்லாத பல சமயங்களில் அழுத்தம் போதாததே காரணம்.

9. குளிரவைத்து வெட்டுதல். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம். பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து, நீளமான கத்தியை மேலிருந்து நேராக அமுக்கி வெட்டுங்கள். ரம்பம்போல் அறுத்தால் பாதாம் துண்டு மாட்டி ஓரம் பிய்யும். 20 செ.மீ பக்கத்தை ஐந்தாகவும் 15 செ.மீ பக்கத்தை இரண்டாகவும் பிரித்தால் பத்துப் பார்.

நான்காம் நாள் ஏன் இறுகுகிறது

செய்த அன்று மென்மையாக இருந்த பார் நாலைந்து நாளில் மெல்ல முடியாமல் போவது வீட்டில் மட்டுமல்ல, தொழிற்சாலைகளிலும் தீராத தலைவலி. உணவு அறிவியலாளர்கள் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பொடியின் துகள்கள் தேனில் உள்ள தண்ணீரைத் தொடர்ந்து தம் பக்கம் இழுக்கின்றன; புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைகின்றன; தேனின் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் புரதத்தோடு மெதுவாக வினைபுரிகின்றன. ரொட்டி சிவக்கும்போது நடக்கும் அதே மெயிலார்டு வினைதான் இங்கே அறை வெப்பத்தில் நிதானமாக நடக்கிறது. பார் நாளடைவில் சற்றுப் பழுப்பாவதும் இதனால்தான்.

முழுவதும் தடுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைக் கலப்பது முதல் வழி. கொழுப்பைக் குறைக்காமல் இருப்பது அடுத்தது. பீனட் பட்டர் துகள்களைச் சுற்றிப் படர்ந்து அவை நெருங்காமல் காக்கிறது, அதனால் ‘கொழுப்பு நீக்கிய’ கடலைப் பொடியை வைத்து இந்தப் பாரைச் செய்ய நினைக்காதீர்கள். தொழிற்சாலைகள் கிளிசரின் சேர்க்கின்றன. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், லேசாக இனிக்கும். உணவுத் தரக் கிளிசரின் என்று தெளிவாகக் குறிக்கப்பட்டது கிடைத்தால் தேனில் 20 கிராமைக் குறைத்து அதைச் சேர்க்கலாம். தோலில் தடவ விற்கப்படும் கிளிசரின் வேண்டாம். கிடைக்காவிட்டால் கவலையில்லை. ஒவ்வொரு பாரையும் காற்றுப் புகாமல் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் நன்றாகவே இருக்கும். இறுகிய பாரை மைக்ரோவேவில் 8 முதல் 10 விநாடி வைத்தால் உடனே இளகும்.

பொடி இல்லாமல்

புரதப் பொடி வாங்க விருப்பமில்லை என்றால் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை அதே 120 கிராம் சேருங்கள். அதில் புரதம் 35 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும் என்பதால் ஒரு பாருக்கு 10 கிராம் புரதம் கிடைக்கும், கலோரியில் 17 சதவீதம். 20 சதவீதக் கோட்டைத் தொடாது. ஆனாலும் ஓட்ஸ் உருண்டையைவிட எவ்வளவோ மேல், சுவையும் அருமை. பால் பவுடர் தானே இனிக்கும் என்பதால் தேனை 100 கிராமாகக் குறைத்து, ஒட்டுக்குத் தேவையான அளவு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள்.

பட்டாணிப் புரதம் என்றால் 120 கிராமுக்குப் பதில் 100 கிராம் போதும். கூடவே 20 கிராம் பீனட் பட்டர், 30 முதல் 45 மி.லி தாவரப் பால். தண்ணீர் கூடுவதால் இது குளிர்சாதனப் பெட்டியை விட்டு வெளியே அதிகம் இருக்கக் கூடாது.

கடலை, பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் சூரியகாந்தி விதைப் பட்டர் சேர்க்கலாம். சுடும் பாரில் அதோடு பேக்கிங் சோடா சேர்த்தால் உள்ளே பச்சை நிறம் படரும். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்வதால் வருவது அது. கெட்டுப்போனதல்ல, தாராளமாகச் சாப்பிடலாம். மற்றவருக்குக் கொடுக்கும்போது கடலை, பாதாம் போன்ற பருப்பு வகைகள், பால், சோயா எது சேர்ந்திருந்தாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், அரைத்துச் சேருங்கள்.

சுடுவதும் சாக்லேட்டும்

ஓவனில் சுட்ட பாரை விரும்புகிறவர்கள் மேலே சொன்ன கலவையில் தண்ணீருக்குப் பதில் இரண்டு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, 165 டிகிரியில் 15 நிமிடம் அளவுக்குச் சுடலாம். நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வே சூட்டில் சீக்கிரம் உலரும். எனக்குச் சுடாத பார்தான் பிடிக்கும். பதம் உங்கள் கையில் இருக்கிறது.

சாக்லேட் பூசினால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் கணக்கை மறக்காதீர்கள். பாருக்கு 15 கிராம் டார்க் சாக்லேட் பூசினால் சுமார் 80 கலோரி கூடும், புரதம் ஒரு கிராம்தான் கூடும். 25 சதவீதத்தில் இருந்த பார் 20க்கு இறங்கிவிடும். அடிப்பக்கம் மட்டும் தோய்த்தால் பாதி சாக்லேட் போதும், சுவையில் குறை தெரியாது. சாக்லேட்டை உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக் கூடாது, விழுந்தால் கட்டிதட்டும். பளபளப்பாகவும் ‘டக்’ என்று உடைவதாகவும் வேண்டுமென்றால் 45 முதல் 50 டிகிரிவரை உருக்கி, கிளறிக்கொண்டே 27, 28 டிகிரிக்கு ஆறவிட்டு, மறுபடி 31, 32க்குக் கொண்டுவந்து பூசுங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் உருக்கிப் பூசிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சேமித்தல்

அறை வெப்பத்தில் இரண்டு நாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம். உறைந்ததை முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலையில் தயாராக இருக்கும். மசித்த வாழைப்பழம், முட்டை, ஊறவைத்த பழம் என ஈரமான எதையாவது சேர்த்திருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வெளியே வைக்கவே வேண்டாம். கடைப் பார்கள் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது, கிருமிகள் வளரப் பயன்படுத்தக்கூடிய ஈரம் எவ்வளவு என்பதைக் கருவியால் அளந்து குறைத்து வைப்பதால். வீட்டில் அப்படி அளக்க முடியாது. தேன் நிறைய இருக்கிறது, கெடாது என்று எண்ணி நீட்டிக்காதீர்கள்.

சுற்றி வைக்கும்போது உறையின்மேல் தேதியோடு எந்தப் பொடி, எத்தனை டீஸ்பூன் தண்ணீர் பிடித்தது என்பதையும் எழுதிவிடுங்கள். மூன்றாம் நாள் ஒன்றைக் கடித்துப் பார்த்து, இறுகியிருந்தால் ‘பீனட் பட்டர் 10 கிராம் கூட்டு’ என்றோ, தளர்ந்திருந்தால் ‘தேன் 10 கிராம் குறை’ என்றோ அதன் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மாற்றும்போது ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். அதே பொடியை வேறு நிறுவனத்திலிருந்து வாங்கியிருந்தால் தண்ணீர்க் கணக்கை மட்டும் ஆறாம் படியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.